பவளத் தொட்டியில் ஐப்டேசியா: இயற்கை எதிரிகளை வைத்து ஒழிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லைவ் ராக்கின் (உயிரினங்கள் குடியிருக்கும் கடல் பாறையின்) இடுக்கில் முதல் ஐப்டேசியாவைப் பார்த்த அன்று எனக்குச் சந்தோஷம்தான். கேட்காமலே ஒரு கடல் சாமந்தி (அனிமோன்) பாறையோடு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அது பவளத்தைக் கொட்டி, களை போலப் பரவும் அனிமோன் என்று தெரிந்ததும் இடுக்கியால் பிடித்துப் பிய்த்து எடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தைச் சுற்றி 11 குட்டிகள். அப்புறம் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள், பவளத்தின் அடியில், ஒரு நத்தையின் ஓட்டின் மேல் என்று எங்கு பார்த்தாலும் அதே பழுப்பு நிறப் பூ. அந்தத் தொட்டி சுத்தமாக ஏழு மாதம் ஆனது. ஊசி மருந்தால் பாதி வேலைதான் நடந்தது. மீதியை முடித்தவை விரல் நுனி அளவே இருந்த கடல் நத்தைகள்.

அந்த மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எதிரியை வாங்குவது என்ற முடிவு, உங்கள் தொட்டியில் ஏற்கெனவே யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் பார்க்காமல் வாங்கி விட்டவர்கள்தான் "ஒன்றும் பலிக்கவில்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

படி 1: அது ஐப்டேசியாதானா என்று உறுதி செய்யுங்கள்

ஐப்டேசியாவுக்கு மெல்லிய, ஓரளவு ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு இருக்கும். அதன் தலையில் நீளமான உணரிழைகள், நுனி போகப் போக ஊசி போலக் கூராகும். பைப்பெட்டால் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே சுருண்டு ஓட்டைக்குள் போய்விடும். அந்த வேகம்தான் நல்ல அடையாளம். இன்னும் சீண்டினால் உடலிலிருந்து வெள்ளை நூல் போன்ற இழைகள் வெளியே வரும். அவை முழுக்கக் கொட்டும் செல்கள். பக்கத்திலுள்ள பவளத்தின் சதையைச் சுட்டுக் கருக்குவதும் இவைதான்.

மஜானோ அனிமோன் வேறு. அது குட்டையாக, தடிப்பாக இருக்கும். உணரிழைகளின் நுனி சிறு குமிழ் போல வீங்கியிருக்கும். பச்சை, பழுப்பு, சில நேரம் இளஞ்சிவப்புச் சாயலில் கும்பலாக வளரும். பார்க்க அழகாகவே இருக்கும். கோமாளி மீன் குடியிருக்கும் பபிள் டிப் அனிமோனின் குட்டி என்று இதை நினைத்து வளர்த்தவர்களும் உண்டு. ஐப்டேசியாவைத் தின்னும் உயிர்களில் பெரும்பாலானவை மஜானோவைத் தொடுவதில்லை. அதனால் இந்த வித்தியாசத்தை இப்போதே பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். மஜானோவைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஏன் பிய்க்கக் கூடாது?

ஐப்டேசியாவின் அடிப்பாகம் பாறையில் ஒட்டியிருக்கும் ஒரு வட்டு. அந்த வட்டின் ஓரத்திலிருந்து கிழிந்து விழும் ஒரு துணுக்கு போதும், அது தனி அனிமோனாக வளர்ந்துவிடும். தானாகவே நகர்ந்துகொண்டு வழியில் துணுக்குகளை விட்டுச் செல்வதும் அதன் இயல்பு. சுரண்டினால் நாமே அந்த வேலையை அதற்காகச் செய்து கொடுக்கிறோம். விளக்கை அணைத்து வைத்தும் பயனில்லை. இதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து ஒளியிலிருந்து உணவு கொடுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாசிகளை மொத்தமாக இழந்து வெளுத்துப் போனாலும், தண்ணீரில் மிதந்து வரும் உணவைப் பிடித்தே இது பிழைத்துக்கொள்ளும். பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் இதைத்தான் ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத்தொகுப்பே வெளியானது. நம்மை இவ்வளவு படுத்தும் அதே பிடிவாதம்தான் அங்கே அதன் பெருமை.

படி 2: எண்ணுங்கள், வரைபடம் போடுங்கள்

விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு உட்காருங்கள். ஒரு தாளில் பாறைகளைத் தோராயமாக வரைந்து, ஐப்டேசியா இருக்கும் இடமெல்லாம் புள்ளி வையுங்கள். பெரியதற்குப் பெரிய புள்ளி. ஓவர்ஃப்ளோ பெட்டி, திரும்பி வரும் குழாயின் வாய், சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி), பாசி வளர்க்கும் அறை, நத்தைகளின் ஓடு எல்லாவற்றையும் பாருங்கள். கண்ணில் பட்ட எண்ணிக்கையை இரண்டு மடங்காக வைத்துக்கொள்வது என் வழக்கம். பாறையின் பின்பக்கம் நமக்குத் தெரிவதில்லையே!

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு மாதம் கழித்து "ஒன்றுமே குறையவில்லையே" என்று மனம் சோர்ந்து போகும்போது இதுதான் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் தாளின் மறுபக்கத்தில் உங்கள் தொட்டியில் இருக்கும் மீன், இறால், நண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். தொட்டியின் கொள்ளளவையும், எந்தெந்தப் பவளங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு இந்தப் பட்டியல் இல்லாமல் போக முடியாது.

படி 3: எதிரியைத் தேர்ந்தெடுங்கள்

பெர்கியா

இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு, மறைக்கவில்லை. பெர்கியா ஸ்டெஃபனியே என்பது ஓடில்லாத ஒரு சிறு கடல் நத்தை. வளர்ந்தாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. 2005-ல்தான் இது தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் நெடுநாள் வேறொரு இனத்தின் பெயரில் விற்கப்பட்டு வந்ததால், பழைய குறிப்புகளில் பெர்கியா வெருசிகோர்னிஸ் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். நம் தொட்டிகளுக்கு வருவது இதுதான்.

இது ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. பவளத்தைத் தொடாது, சிப்பியைச் சீண்டாது, நீங்கள் போடும் தீனியை ஏறெடுத்தும் பார்க்காது. வேலையிலிருந்து கவனம் சிதறவே சிதறாத ஒரே எதிரி இதுதான்.

ஒரு இரவு சிவப்பு வெளிச்சத்தில் இதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு நிறைய மென்மையான விரல்கள் போன்ற நீட்சிகள், தலையில் ஆரஞ்சுத் தீற்றல். பாறையில் வழுக்கிக்கொண்டே வந்து, தலையிலுள்ள நீண்ட உணர்கொம்புகளால் ஐப்டேசியாவின் தண்டைத் தொட்டது. ஐப்டேசியா சுருங்கியது. நத்தை சட்டென்று பின்வாங்கி முதுகு நீட்சிகளைச் சிலிர்த்தது, முள்ளம்பன்றி போல. அப்புறம் மறுபடி வந்தது. இந்த முறை நகரவில்லை. தண்டின் அடியில் வாயை வைத்துவிட்டது. வெள்ளை நூல்கள் அதன் மேல் விழுந்தும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் இருட்டிலிருந்து இன்னொரு பெர்கியா வந்து சேர்ந்தது. காலையில் அந்த இடத்தில் ஒரு மங்கலான கறைதான் இருந்தது.

அந்தக் கொட்டும் செல்களை இது ஜீரணித்து வீணாக்குவதும் இல்லை. வெடிக்காத செல்களை முதுகு நீட்சிகளின் நுனிக்கு அனுப்பி, தன் சொந்த ஆயுதமாக வைத்துக்கொள்கிறது. இருந்தாலும் அது எல்லா மீனையும் தடுக்கும் ஆயுதம் இல்லை. ராஸ் வகை மீன்கள், அதிலும் பாறை இடுக்கெல்லாம் கொத்திப் பார்க்கும் சிக்ஸ்லைன் ராஸ், ஹாலிகோரெஸ் வகைகள், பட்டாம்பூச்சி மீன்கள், நண்டுகள், பெப்பர்மின்ட் இறால் ஆகியவை இருக்கும் தொட்டியில் பெர்கியா விட்டால் விலையுயர்ந்த தீனி போட்டதாகத்தான் முடியும். உங்கள் பட்டியலில் இவற்றில் ஏதாவது இருந்தால், அதை வேறு தொட்டிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பெர்கியாவை மறந்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

எத்தனை வேண்டும்? ஒன்று இரண்டு வாங்குவது வீண். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்ததுதான், ஆனாலும் இனப்பெருக்கத்துக்குத் துணை வேண்டும். தனியாக இருப்பது பெரிய ஐப்டேசியாவிடம் மாட்டிச் சாகவும் கூடும். நான் 100 லிட்டருக்கு நான்கு என்று கணக்கு வைப்பேன். சின்னத் தொட்டியாக இருந்தாலும் ஆறுக்குக் குறையாமல் விடுவேன். உண்மையில் தொட்டியைச் சுத்தம் செய்வது நாம் விடும் ஆறு அல்ல, அவற்றின் பிள்ளைகள்தான்.

பெப்பர்மின்ட் இறால்

ராஸ் மீன் இருக்கும் தொட்டிக்கு, சின்ன ஐப்டேசியாக்கள் நிறைய இருக்கும் தொட்டிக்கு நல்ல தேர்வு. ஆனால் இறாலுக்கு இறால் குணம் மாறும். ஒன்று வந்த இரவே வேலையைத் தொடங்கும், இன்னொன்று மாதக்கணக்கில் ஐப்டேசியாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு மீன் தீனியைத் தின்னும். இதற்கு ஒரு காரணம் பெயர். லிஸ்மாட்டா வுர்டெமானி என்று ஒரே இனமாக எண்ணப்பட்டதை 2006-ல் பிரித்துப் பார்த்து நான்கு புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் லிஸ்மாட்டா போகெஸ்ஸியும் ஒன்று. கடையில் "பெப்பர்மின்ட்" என்ற ஒரே பெயரில் இவை எல்லாமே வரலாம்.

இதைவிட மோசமான குழப்பம் ஒட்டக இறாலோடு வரும். அதை வாங்கி விட்டால் ஐப்டேசியா தப்பிக்கும், உங்கள் ஸோவாந்திட்களும் (கும்பலாக வளரும் பூப் போன்ற பவள உறவினங்கள்) மென்பவளங்களும் போகும். பார்த்துப் பழகிவிட்டால் பிரிப்பது சுலபம். பெப்பர்மின்ட் இறாலின் உடல் வெளிறி ஒளி ஊடுருவும். அதன் மேல் நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள். ஒட்டக இறால் நல்ல சிவப்பாக, வெள்ளைக் கோடும் புள்ளியும் பளிச்சென்று வலைபோலப் பின்னியிருக்கும். கண்கள் பெரியவை. முதுகில் திமில் மாதிரி ஒரு வளைவு. மூக்கு முள் மேல்நோக்கி நிற்கும், அதை அசைக்கவும் முடியும்.

மூன்றிலிருந்து ஐந்து வரை ஒரு குழுவாக விடுங்கள். சின்ன உருவமாகவே தேர்ந்தெடுங்கள். கட்டைவிரல் அளவு ஐப்டேசியாவை இவை பெரும்பாலும் சீண்டுவதில்லை, குட்டிகளைத்தான் தின்னும். ஆக, புதிதாக முளைப்பதை அடக்கி வைக்கும் காவல்காரர் என்று இவற்றை நினைத்தால் ஏமாற்றம் வராது. ஹாக்ஃபிஷ், ட்ரிகர், பஃபர், லயன்ஃபிஷ் இருக்கும் தொட்டியில் விடவே வேண்டாம்.

ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ்

அக்ரைக்திஸ் டோமென்டோசஸ். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும், நிறம் மாற்றி மாற்றிப் பாறையோடு பாறையாக நிற்கும் ஒரு மீன். கடல் புல்லுக்கு நடுவே வாழப் பிறந்தது. தொட்டியில் பிறந்து வளர்ந்த குஞ்சுகள் கிடைக்கின்றன. முடிந்தவரை அதையே வாங்குங்கள், தீனிக்குச் சீக்கிரம் பழகும். பெர்கியாவையும் இறாலையும் விட முடியாத 200 லிட்டர் தொட்டிக்கு இது நல்ல வழி. பெரிய ஐப்டேசியாவையும் கடித்துத் தின்னும்.

சிக்கல் எங்கே என்றால், ஐப்டேசியா தீர்ந்த பிறகு சிலது எல்பிஎஸ் பவளங்களையும் (பெரிய பாலிப் உள்ள கல் பவளங்கள்), ஸோவாந்திட்களையும், ஸீனியா என்ற மென்பவளத்தையும் கொறிக்க ஆரம்பிக்கும். எல்லாம் இப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது. செய்யாது என்று உத்தரவாதமும் தர முடியாது. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை உறைந்த மைசிஸ் (சின்ன இறால் போன்ற தீனி) கொடுத்து வயிற்றை நிரப்பி வைத்தால் ஆசை குறைகிறது. மெதுவாகச் சாப்பிடும் மீன் என்பதால், அடித்துப் பிடித்துத் தின்னும் மீன்களோடு விட்டால் பட்டினி கிடக்கும்.

காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் பொய்க்கண், நீண்ட மூக்கு என்று பார்த்தாலே ஆசை வரும். அந்த மூக்கு பாறை ஓட்டைக்குள் இருக்கும் ஐப்டேசியாவை இழுத்தெடுக்கச் செய்து வைத்தது போலவே இருக்கும்.

இருந்தாலும் சொல்கிறேன், ஐப்டேசியாவுக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். 20 சென்டிமீட்டர் வரை வளரும் மீன் இது. 450 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இதற்கு நிம்மதி இல்லை. பிடிபட்டு வந்தவற்றில் நிறைய, தொட்டியில் தீனியே எடுக்காமல் மெலிந்து இறந்துபோகின்றன. ஐப்டேசியாவைத் தின்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், அது தீர்ந்ததும் மீன் பட்டினியில் கிடக்கும். குழாய்ப் புழுக்களையும் தின்னும், சில நேரம் சிப்பியின் சதையையும் கொத்தும்.

பெரிய தொட்டி இருக்கிறது, இந்த மீனையே வளர்க்க ஆசை என்றால் சரி. கடையில் உங்கள் கண் முன்னால் தீனி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எடுக்காத மீனை வாங்க வேண்டாம். மூக்கில் காயம், தலைக்குப் பின்னால் சதை வற்றிய பள்ளம் இருந்தால் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் திறந்த சிப்பியை அப்படியே ஓட்டோடு பாறை மேல் வையுங்கள். கொத்தித் தின்னும் பழக்கம் உள்ள மீன் என்பதால் மிதக்கும் தீனியைவிட அதை முதலில் ஏற்றுக்கொள்ளும். தனிமைத் தொட்டியில் நன்றாகத் தின்னப் பழகிய பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். சண்டைக்கார டாங் மீன்கள் இருந்தால் இந்த முயற்சியை எடுக்காதீர்கள்.

ராக்கூன், க்ளைன் பட்டாம்பூச்சி மீன்கள் ஐப்டேசியாவைத் தின்னும் என்பது உண்மை. பவளத்தையும் தின்னும். பவளமே இல்லாத மீன் தொட்டிக்கு மட்டும் அவற்றை யோசிக்கலாம்.

சேர்க்கக் கூடாத ஜோடி

பெர்கியாவையும் பெப்பர்மின்ட் இறாலையும் சேர்த்து விட்டால் இரட்டை வேகத்தில் வேலை முடியும் என்று தோன்றும். இறால் நத்தையையும் தின்னும், அதன் முட்டைகளையும் தின்னும். ஏற்கெனவே இறால் இருந்தால், பொறி வைத்துப் பிடித்து சம்ப்புக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு பெர்கியா விடுங்கள். சம்ப்பில் இருக்கும் ஐப்டேசியாவை அங்கே இறால் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

படி 4: தொட்டியைத் தயார் செய்யுங்கள்

முதல் கேள்வி தாமிரம். அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்டிருந்தால், நத்தையோ இறாலோ விடுவதற்கு முன் சோதனை செய்யுங்கள். பாறையிலும் மணலிலும் தங்கிய தாமிரம் மெதுவாக வெளிவரும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு.

பெர்கியா விடுவதாக இருந்தால் வேவ்மேக்கர் (அலை உண்டாக்கும் மோட்டார்), பம்ப் உறிஞ்சும் வாய் எல்லாவற்றுக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். பாறையில் அது நன்றாகத்தான் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒருமுறை பிடி நழுவி மிதக்க ஆரம்பித்தால் நேராக மோட்டாருக்குத்தான் போகும். ஸ்பாஞ்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கழுவும் முன் அதில் நத்தை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மிகப் பெரிய ஐப்டேசியாக்கள் இருந்தால், எதிரியை விடுவதற்கு ஒரு வாரம் முன்பு அவற்றை மட்டும் ஊசியால் முடித்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியான குழம்பாகக் கரைத்து, மோட்டார்களை நிறுத்திவிட்டு, ஐப்டேசியாவின் வாய் மேல் மெதுவாக மூடுவது போல விடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை சட்டென்று ஏறும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். நடுத்தரமானவற்றையும் குட்டிகளையும் தொடாதீர்கள். வரப்போகும் விருந்தாளிக்குச் சாப்பாடு வேண்டும்.

படி 5: விடும் முறை

வந்த பையிலுள்ள தண்ணீரின் உப்பளவும் உங்கள் தொட்டியின் உப்பளவும் வேறாக இருக்கலாம். பையை முதலில் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் கொட்டி, மெல்லிய காற்றுக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டு. தண்ணீர் மூன்று மடங்கு ஆகும்வரை பொறுமை. இறாலுக்கு இது மிக முக்கியம். உப்பளவு திடீரென்று மாறினால் தாங்காது.

இறாலை விளக்கு அணைந்த பிறகு, பாறைக்குப் பக்கத்தில் விடுங்கள். மறுநாள் ஒரு முழு இறால் உருவம் அசைவில்லாமல் கிடந்தால் பதறாதீர்கள். எடுத்துப் பார்த்தால் உள்ளே காலியாக இருக்கும், தோல் உரித்திருக்கிறது. உரித்த ஓரிரு நாள் அது மறைந்தே இருக்கும்.

பெர்கியாவுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அகன்ற வாய் உள்ள பைப்பெட்டை எடுங்கள். குறுகிய வாயில் நசுங்கிவிடும். மோட்டார் எல்லாம் நிறுத்துங்கள். படி 2-ல் போட்ட வரைபடத்தில் நடுத்தர ஐப்டேசியாக்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, நிழலான பாறையில் மெதுவாக இறக்குங்கள். ஐப்டேசியாவின் மேலேயே விழ விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அல்லது இரண்டு இடத்தில் விடுங்கள். தொட்டி முழுக்கத் தூவினால் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்காது. அவை பாறையைப் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பிக்கும்வரை, சுமார் 20 நிமிடம், நீரோட்டத்தைத் திறக்க வேண்டாம்.

மீன்களுக்கு அன்று இரவு விடுவதற்கு முன்பே வயிறு நிறையத் தீனி போட்டுவிடுங்கள்.

படி 6: காத்திருங்கள், கவனியுங்கள்

இறால் வேலை செய்கிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். குட்டி ஐப்டேசியாக்கள் காணாமல் போக ஆரம்பிக்கும். எதுவும் நடக்கவில்லை என்றால் மீன் தீனியைக் குறையுங்கள், மணலில் விழுந்து கிடப்பதை எடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்த இறாலுக்கு ஐப்டேசியா மேல் நாட்டம் வருவதில்லை. பவளங்களுக்குத் தனியாகத் தீனி கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதைப் பகலில் செய்யுங்கள். இரவில் கொடுத்தால் இறால் பவளத்தின் வாய்க்குள் கையை விட்டே பிடுங்கித் தின்னும், அதில் பவளத்தின் சதை கிழியும்.

பெர்கியா விட்டவர்களுக்கு முதல் ஆறு வாரம்தான் சோதனை. விட்ட மறுநாளே அவை கண்ணில் படாமல் போய்விடும். பகலில் பாறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். செத்துவிட்டன என்றே எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். நீங்கள் தேட வேண்டியது நத்தையை இல்லை, முட்டையை. கண்ணாடி மேலோ பாறையின் நிழல் பக்கத்திலோ, வெள்ளை நூலைச் சுருள் சுருளாகச் சுற்றி ஒட்டியது போல ஒன்று இருந்தால் அது பெர்கியாவின் முட்டைச் சுருள். ஒவ்வொரு சுருளிலும் நூற்றுக்கணக்கில் முட்டைகள். சுமார் இரண்டு வாரத்தில் பொரியும். நிறைய கடல் உயிர்களின் குஞ்சுகள் வாரக்கணக்கில் தண்ணீரில் மிதந்து திரிந்து வடிகட்டியில் சாகும். இவற்றின் குஞ்சுகளுக்கு அப்படி நெடுநாள் மிதக்கும் பருவம் இல்லை, சீக்கிரமே பாறையில் இறங்கி ஊர்ந்து தின்ன ஆரம்பிக்கும். தொட்டிக்குள்ளேயே தலைமுறை பெருகுவது அதனால்தான். கண்ணாடி சுரண்டும்போது அந்தச் சுருளைச் சுரண்டிவிடாதீர்கள்!

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே கோணத்தில் படம் எடுங்கள். என் தொட்டியில் ஒன்பதாவது வாரம் வரை படங்களில் எந்த மாற்றமும் இல்லை. பத்தாவது வாரம் பாறையின் இடது பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் மீதியும் போய்விட்டது. இரண்டாம் தலைமுறை வளர்ந்து வேலைக்கு வந்த நேரம் அது. மூன்று மாதம் முடிவதற்குள் இன்னொரு எதிரியையோ மருந்தையோ சேர்த்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இடையில் சம்ப்பை மறக்காதீர்கள். மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும், ஓவர்ஃப்ளோவிலும் குழாயிலும் ஒட்டியிருப்பவை துணுக்குகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கழற்ற முடிந்த குழாய்களைக் கழற்றி வெளியே வைத்துத் தேய்த்துக் கழுவி, முழுவதும் காய விடுங்கள். கழற்ற முடியாத இடத்தில் இரண்டு பெர்கியாவையோ ஒரு இறாலையோ விடலாம்.

மஜானோவுக்கு என்ன வழி?

நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய எதிரி இதற்கு இல்லை. பெர்கியா தொடாது. பெப்பர்மின்ட் இறால் பெரும்பாலும் தொடாது. ஃபைல்ஃபிஷ் சிலது தின்னும், நிறைய தின்னாது. அதனால் மஜானோவைப் பொறுத்தவரை கைவேலைதான். அது ஒட்டியிருக்கும் சிறு பாறையையே எடுத்துவிட முடிந்தால் அதுதான் முதல் வழி. பெரிய பாறையென்றால் அதை வெளியே ஒரு வாளி உப்புத் தண்ணீரில் வைத்து, மஜானோவின் அடியோடு பாறையின் மேல் பரப்பையும் சேர்த்து உளியால் பெயர்த்தெடுங்கள். வாளித் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அசைக்க முடியாத பாறையில் இருந்தால் மேலே சொன்ன கால்சியம் குழம்பு. ஐப்டேசியாவைவிட இது மெதுவாகத்தான் பரவும், அந்த அளவில் நமக்கு அவகாசம் இருக்கிறது.

படி 7: ஐப்டேசியா தீர்ந்த பிறகு

இந்தப் படியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஃபைல்ஃபிஷ்ஷும் காப்பர்பேண்டும் வாழ்நாள் முழுக்கத் தீனி வேண்டும் மீன்கள்; வாங்கும்போதே அந்தப் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறோம். இறால் மற்ற தீனியில் பிழைத்துக்கொள்ளும். பெர்கியாவுக்கு வேறு வழியே இல்லை. கடைசி ஐப்டேசியா போனதும் அது பட்டினியால் சாகும்.

நமக்காக அவ்வளவு உழைத்த உயிரை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்ததும், இரவில் டார்ச்சோடு உட்கார்ந்து கிடைத்த நத்தைகளைப் பைப்பெட்டால் எடுத்துவிடுங்கள். பெர்கியா தேடும் இன்னொருவர் எப்போதும் இருப்பார், கொடுத்துவிடலாம். நான் தனியாக ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு விளக்கு, ஒரு காற்றுக் கல், வாரம் ஒருமுறை பெரிய தொட்டியின் தண்ணீர் மாற்று. அதில் ஐப்டேசியாவைத்தான் வளர்க்கிறேன், ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைத் தீனியாகக் கொடுத்து. அதைக் கொண்டு பத்துப் பதினைந்து பெர்கியாவைக் காப்பாற்ற முடிகிறது. அந்தத் தொட்டியில் பயன்படுத்தும் பைப்பெட்டும் வாளியும் பெரிய தொட்டிப் பக்கமே வரக் கூடாது, அது மட்டும் கட்டாயம்.

இனி வரும் ஒவ்வொரு பவளத்தையும் தனிமைத் தொட்டியில் நான்கிலிருந்து ஆறு வாரம் வைத்திருங்கள். பவளத்தை அது ஒட்டியிருக்கும் ஃப்ராக் பிளக்கிலிருந்து (பவளத் துண்டை ஒட்டி விற்கும் சிறு அடித்தட்டு) பெயர்த்து, பிளக்கை எறிந்துவிட்டு, உங்களிடம் உள்ள புதிய பிளக்கில் ஒட்டுங்கள். பவள மருந்துக் குளியல் மற்ற பூச்சிகளுக்கு உதவும், ஓட்டைக்குள் சுருண்டிருக்கும் ஐப்டேசியாவை அது கொல்லும் என்று நம்ப வேண்டாம். புதிய நத்தை வந்தால் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பாசிக் கொத்து வாங்கினால் வெள்ளைத் தட்டில் போட்டு உதறிப் பாருங்கள். தனிமைத் தொட்டியில் மூன்றாவது வாரம் வாக்கில், விளக்கு அணைந்த பிறகு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கின் அடி ஓட்டையில் ஒளிந்து வந்தவை அந்த நேரத்தில்தான் கைகளை விரிக்கும்.